தோட்டத்துப் பிள்ளையும் கலவன் பாடசாலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்திலே பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது "பெண் கல்வி" என்று தலைப்புக் கொடுத்தார். அந்தத் தலைப்பிலே பேசாத மேடை பதுளையில் இல்லை. கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும். ஆகையால் அவருடைய அனுமதியோடு தலைப்பைச் சற்றுச் சுருக்கிக்கொண்டேன். பட்டணம் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்திலே இருக்கும் அரசாங்கக் கலவன் பாடசாலையைப் பற்றி மாத்திரம் பேசப்போகிறேன். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பிலே அமர்ந்து படிக்கும் பாடசாலை. "வேறெங்கும் இடம் கிடைக்காவிட்டால் அங்கே சேர்ப்போம்" என்று நம்மிலே பலர் சொல்லும் பாடசாலை.

முதலிலே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் அத்தகைய பாடசாலையிலே படித்தவள் அல்லள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலே சித்தியடைந்தபின், பட்டணத்திலே கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் வீட்டிலே தங்கி, பெண்களுக்கான மிஷன் பாடசாலை ஒன்றிலே படித்தேன். அங்கே கற்ற ஆங்கிலமும் ஒழுங்கும் இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கின்றன. அந்த ஆசிரியைமாரை நான் மறக்கவில்லை. ஆனால் மாமா வீட்டிலே ஒரு பிள்ளைக்குத்தான் இடமிருந்தது. என் தங்கை கலவன் பாடசாலைக்குப் போனாள். அவளைச் சேர்த்த வாரம் எங்கள் அப்பாயி சரியாகச் சாப்பிடவில்லை. "வயசுக்கு வரப்போற புள்ளையைப் பயலுகளோட குந்த வைக்கப் போறீங்களா?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா ஸ்டோரிலே இரவு வேலை முடித்து வந்த களைப்பில் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் பதில் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அப்பாயியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். தோட்டத்துரைமார் தங்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க வேண்டுமென்று 1907 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை மேலும் வலியுறுத்தியது. ஆனால் நடந்தது என்ன? ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. தேயிலையை ஏற்றிச் செல்ல 1924 இலே பதுளை வரை இரயில் வந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஏற்றிச் செல்ல ஒன்றும் வரவில்லை.

1945 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று மத்திய பாடசாலைகள் எழுந்தன. குடியானவன் மகன் வைத்தியரானான், பொறியியலாளரானான். நம் லயங்களிலே ஏன் அது நடக்கவில்லை? 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் எஸ். எம். சுப்பையா அவர்கள் பதுளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; அதையடுத்து வாக்கும் போயிற்று. வாக்கில்லாதவனுக்காகப் பள்ளிக்கூடம் கேட்பவர் யார்? 1960, 61 ஆம் ஆண்டுகளிலே உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. தோட்டங்கள் தேசியமயமாகி, 1970 களின் பிற்பகுதியிலேதான் அவற்றை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியது. நாடு இலவசக் கல்வி பெற்று முப்பது ஆண்டுகள் கழித்தே நம் பிள்ளைகள் அந்த வரிசையின் கடைசியிலே போய் நின்றார்கள். குடியுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீர 2003 வரை சென்றது.

இப்போது அப்பாயியின் கேள்விக்கு வருகிறேன். நம் பகுதியிலே உயர்தர வகுப்புக்குத் தகுதி பெறும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பாடசாலையிலே இருபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை ஒரே வகுப்பிலே இருத்தினால், ஓர் இரசாயன ஆசிரியரைத் தாருங்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்திலே போய் நின்று கேட்கலாம். ஆண் பத்து, பெண் பத்து என்று இரண்டு பாடசாலைகளாகப் பிரித்தால் இரண்டு பேரைக் கேட்கவேண்டும், ஒருவரும் வரமாட்டார். கலவன் பாடசாலை மேல்நாட்டு நாகரிகமல்ல, ஐயா. சின்னக் கணக்கு. பெரிய நகரத்திலே, பிள்ளைகள் நிறைந்த இடத்திலே, தனிப் பாடசாலை நடத்தலாம். சிதறிக் கிடக்கும் மலையிலே அது ஆசிரியரில்லாத இரண்டு கட்டடங்களாகத்தான் முடியும். அன்றியும், தோட்டத்துப் பள்ளியிலே ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகையிலேதானே அமர்ந்தார்கள்? அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பல்கலைக்கழகப் பிரவேசத்திலே 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களிலே பதுளையும் ஒன்று. இது நமக்குத் திறந்த கதவு என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கலைப்பிரிவு மாணவருக்கு அந்தக் கதவு இல்லை. அவர்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலே தெரிவாகிறார்கள். மாவட்ட ஒதுக்கீட்டின் பயன் பெரும்பாலும் விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் படிப்போருக்கே. உயர்தர விஞ்ஞானம் தமிழிலே நடக்கும் பாடசாலைகளோ நம் மாவட்டத்திலே விரல்விட்டு எண்ணக்கூடியவை. கலை படித்துப் பேராதனைக்குப் போனவள் நான். கலையைக் குறைத்துப் பேசவில்லை. விரும்பிப் படிப்பது வேறு, ஆசிரியர் இல்லாததால் படிப்பது வேறு.

தங்கையோடு ஆறாம் வகுப்பிலே சேர்ந்த பெண்பிள்ளைகள் 14 பேர். சாதாரண தரப் பரீட்சைக்கு அமர்ந்தவர்கள் 8 பேர். மற்ற ஆறு பேரும் எங்கே என்று ஒரு விடுமுறையிலே அவளிடம் கேட்டேன். இருவரைச் சடங்கு முடிந்தபின் வீட்டார் திருப்பி அனுப்பவில்லை. ஒருத்தியின் தாய் மத்திய கிழக்குக்குப் போனதால் தம்பிமாரைப் பார்க்க அவள் நின்றுவிட்டாள். இருவர் ஆடைத் தொழிற்சாலைக்கு. ஒருத்தி கொழும்பிலே வீட்டு வேலைக்கு. பையன்களிலும் சிலர் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். கூடப் படித்த பையனால் கெட்டுப்போய் நின்றவள் என்று ஒருத்தியும் அந்தக் கணக்கிலே இல்லை. நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அது வேறு. பிள்ளையை நிறுத்துவது வேறு.

அப்பாயியின் பயம் முழுவதும் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். மாலை வகுப்பு முடிந்தால் பஸ் கிடையாது. தேயிலை மலைக்குள் இரண்டு மைல் நடக்கவேண்டும், அட்டைக்கடி வேறு. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்திலே வெயில் காலத்தில் தண்ணீர் இராது. பெண்பிள்ளை மாதத்திலே மூன்று நாள் வராமல் போனால் அதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. இதைச் சபையிலே சொல்லலாமா என்று நேற்றுவரை யோசித்தேன். சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இன்னொன்று. பேராதனையிலே முதல் மாதம் விரிவுரை மண்டபத்திலே நான் வாய் திறக்கவில்லை. ஆண்கள் இருக்கும் வகுப்பிலே எழுந்து கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. மடுல்சீமைப் பக்கத்துக் கலவன் பாடசாலையிலிருந்து வந்த தோழி ஒருத்தி முதல் வாரமே எழுந்து நின்று விரிவுரையாளரோடு வாதாடினாள். ஆங்கிலம் என்னைவிட அவளுக்குக் குறைவு. தைரியத்திலே நான் அவளுக்கு மாணவி.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதியை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்கென்று புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது வீடுமில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. மிஞ்சிய குடும்பங்களுக்கு அன்றிரவு புகலிடமானவையும் அயலிலுள்ள பாடசாலைகளே. லயத்து மக்களுக்கு ஆபத்திலே ஓடிப்போய் நிற்பதற்கு வேறு பொதுக் கட்டடம் ஏது?

ஆகவே பெரியோர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நம்மவர் போவதில்லை. அரைநாள் சம்பளம் போகும் என்பது உண்மை. சங்கத்திலே ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். முறை வைத்துப் போங்கள். தண்ணீர்த் தாங்கியும் மாலை பஸ்ஸும் அங்கேதான் கேட்கவேண்டியவை. பஸ் வரும்வரை, மாலை வகுப்பு உள்ள நாட்களிலே பிள்ளைகளைக் கூட்டமாக லயம் வரை கொண்டுபோய் விட வாலிபர்கள் நால்வர் போதும். விடுமுறையிலே கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கப் பேராதனையிலும் ஊவா வெல்லஸ்ஸவிலும் படிக்கும் நாங்கள் சிலர் இணங்கியிருக்கிறோம்; மண்டபம் மாத்திரம் வேண்டும்.

என் தங்கை இப்போது உயர்தரத்திலே உயிரியல் படிக்கிறாள். அதற்காகத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அதுவும் கலவன் பாடசாலைதான். அப்பாயி இன்னும் முணுமுணுக்கிறார்; ஆனால் ஐந்தரை மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுப்பவரும் அவரே.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போக விரும்புவோர் இந்தக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதற் பெயராக என் அப்பாவின் பெயரை நானே எழுதிவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.