விசும்பிற்கு ஒரு படை தேவைதானா?



தமிழ்க் கவிஞர்க்கு வானம் புதிதன்று. திங்களும் மீனும் மழையும் இடம்பெறாத கவிதைத் தொகுதி அரிது. அந்த வானில் இன்று படைத்தலைவர்களும் இடம் கேட்கிறார்கள். 2019 டிசம்பர் 20ஆம் நாள் அமெரிக்கா விண்வெளிப் படையைத் தனிப்படையாக நிறுவியது. அதே ஆண்டில் இந்தியாவும் முப்படையினரையும் கொண்ட பாதுகாப்பு விண்வெளி முகமையைப் பெங்களூரில் அமைத்தது. இம்முகமை நாளை தனிப்படையாக வளரவேண்டும் என்ற குரலும் கேட்கிறது. அக்குரலை எடைபோடுவது அமைச்சர்க்கும் தளபதியர்க்கும் மட்டும் உரிய வேலையா? வானைப் பாடுவோர்க்கும் அதில் பங்குண்டு.

ஆராய்ச்சியை அடையாற்றிலிருந்தே தொடங்கலாம். ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தின் அருகே ஊரூர் குப்பம் இருக்கிறது. இத்தகைய குப்பங்களின் வாழ்வுக்கு விண்ணிலும் ஒரு துணை உண்டு. ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தை நோக்குகின்றன. கடல்நீரின் வெப்பத்தையும் சேர்த்துக் கணித்து, மீன் திரளக்கூடிய பகுதிகளை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிவிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இக்கரைக்கு முன்னெச்சரிக்கை ஏதும் வரவில்லை. 2007இல் அதே மையத்தில் எச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பெற்றது. ஆழ்கடலின் அடியில் உள்ள கருவி உணரும் அழுத்த மாற்றம், மிதவைக்கு ஏறி, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வருகிறது. அந்த இணைப்பு அறுந்தால் முதலில் ஏமாறுபவர் யார்? கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரே.

இந்திய விண்வெளி முயற்சியின் முதற்படியும் ஒரு மீனவர் ஊரே. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அவ்வூரார் விட்டுக்கொடுத்த தேவாலயமே விஞ்ஞானிகளுக்குப் பணிமனை ஆயிற்று. வல்லரசுகளோடு போட்டியிடுவது நோக்கமாகாது, நாட்டின் வாழ்க்கைச் சிக்கல்களைத் தீர்ப்பதே நோக்கம் என்று விக்ரம் சாராபாய் கருதினார்.

அந்நோக்கம் என்றும் மாசுபடாமல் நின்றது எனச் சொல்வதற்கில்லை. 1980இல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் செலுத்திய எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதற்கட்டமே, 1989இல் பாய்ந்த அக்னி ஏவுகணைக்கும் அடித்தளம் ஆயிற்று. 2013இல் கடற்படைக்கு ஜிசாட்-7, 2018இல் விமானப்படைக்கு ஜிசாட்-7ஏ ஆகியவை ஏவப்பட்டன. எல்லையைக் காப்போர்க்குக் கண்ணும் செவியும் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால், அக்கண்ணும் செவியும் தனியொரு படை இல்லாமலேயே கிடைத்துள்ளன என்பதும் இதனால் விளங்கும்.

செயற்கைக்கோள்களைப் பகைவர் தாக்கினால் காப்பவர் யார் என்பது மறுதரப்பின் வினா. நேர்மையான வினாவே. சீனா 2007இல் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏறத்தாழ 860 கிலோமீட்டர் உயரத்தில் தகர்த்துத் தன் ஆற்றலைக் காட்டியது. 2019 மார்ச் 27 அன்று இந்தியாவும் ஒடிசாக் கடற்கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவுகணை செலுத்தி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் தன் செயற்கைக்கோளையே வீழ்த்தியது. உயரம் குறைவாதலால் அதன் சிதறல்களுட் பெரும்பாலானவை விரைவில் காற்றுமண்டலத்தில் எரிந்தன. சில ஓராண்டுக்கு மேலும் சுற்றின. சீனச் சோதனையின் சிதறல்களோ கண்காணிக்கத்தக்க அளவில் மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. பல இன்றும் சுற்றுகின்றன. 2022இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 சுற்றும் பாதையோ சுமார் 740 கிலோமீட்டர் உயரத்தது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் விரையும் இரும்புத்துண்டு நண்பரென்றும் பகைவரென்றும் அறியுமா? 2021இல் ரஷ்யா இவ்வாறு ஒன்றைத் தகர்த்தபோது, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ரஷ்ய வீரர்களும் மற்றையோருடன் தம் கலங்களில் புகலடைய நேர்ந்தது.

தரைப்போரில் வென்றவனுக்கு நிலமாவது எஞ்சும். விண்ணில் வென்றவனுக்கோ தன் பாதையிலேயே எறிபடைகள் எஞ்சும். ஆதலின், விண்ணில் காவல் என்பது கண்காணிப்பும், மாற்றுச் செயற்கைக்கோள்களும், நாடுகளிடை உடன்பாடும் ஆகும். தனிக்கொடியும் தனிப்பதவிகளும் பெற்ற படையோ தனக்கென ஒரு போரைத் தேடும். நிதிக்காகப் பகையைப் பெரிதாக்கிக் காட்டும். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை அங்குப் பேரழிவுப் படைக்கலன்களை நிறுத்துவதை விலக்கிற்று. சுற்றுப்பாதையில் மற்றைப் படைக்கலன்களை நிறுத்துவதைப் பற்றி வாய்திறக்கவில்லை. 2022 டிசம்பரில், செயற்கைக்கோளைத் தகர்க்கும் ஏவுகணைச் சோதனைகளைக் கைவிடுமாறு ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தபோது 155 நாடுகள் ஆதரித்தன. சட்டப் பிணைப்புள்ள உடன்படிக்கையை வேண்டும் இந்தியா, ஆதரவாகவும் எதிராகவும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. அவ்வுடன்படிக்கையை முன்னின்று எழுதச் செய்வதே புதிய படை திரட்டுவதினும் வீரம் மிக்க செயலாகும்.

புறநானூற்றுக் கோவூர்கிழார் இவ்வவைக்கு அயலாரல்லர். உறையூரை முற்றிய நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைந்திருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று, இருவரும் ஒரே குடியினர் என அவர் எடுத்துரைத்தார். அரண்மனைச் சோறுண்ட புலவர்க்கே அத்துணிவு இருந்தது. உறையூர் மதிலுக்கு உள்ளும் புறமும் என இரு பக்கங்கள் இருந்தன. விசும்பிற்கு அதுவும் இல்லை.