ஒரு கெட்டுப்போன கடலை செய்யும் காரியம்



சுற்றுச்சூழல் மாசு என்றதும் தொழிற்சாலைப் புகையும் ஆற்றில் கலக்கும் கழிவுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், புற்றுநோய்க்குக் காரணமாகும் மாசு ஒன்று வீட்டுக் கடலை டப்பாவுக்குள்ளேயே வளரக்கூடியது. அதன் பெயர் அஃப்லாடாக்சின்.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்த கடலைப் புண்ணாக்கில் 'அஸ்பெர்கிலஸ் ஃபிளேவஸ்' என்ற பூசணம் நஞ்சு சுரந்திருந்தது. அந்தப் பூசணத்தின் பெயரையொட்டியே நஞ்சுக்கும் பெயர் வந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நிலக்கடலை, சோளம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றில் அது எளிதாகப் பிடித்துக்கொள்ளும். 1988-இல் பேராக் மாநிலத்தில் 'லோ சீ ஃபன்' மீ சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்தபோது, அந்தச் சோகத்திலும் அஃப்லாடாக்சின் கண்டறியப்பட்டது.

அது உடனே தெரிந்த ஆபத்து. சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும் நஞ்சோ சத்தமில்லாமல் வேலை செய்கிறது. கல்லீரலில் அது இன்னும் வீரியமான பொருளாக மாறி, மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் மரபணு ஒன்று உண்டு. அதை 'பி53' என்பார்கள். அதை 393 சொற்கள் கொண்ட ஒரு கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எழுத்து. சீனாவில் ஷாங்காய்க்கு அருகிலுள்ள சிடோங் வட்டாரத்துக் கல்லீரல் புற்றுநோயாளிகள் 16 பேரின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். 8 கட்டிகளில் 249-ஆவது சொல்லின் மூன்றாம் எழுத்து மாறியிருந்தது. 1991-இல் இந்த முடிவு வெளியானது. ஓர் எழுத்து பிழையானால் காவல் தளர்ந்துபோகிறது.

ஹெப்படைடிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்காகிறது. சிங்கப்பூரில் 1987 முதலும் மலேசியாவில் 1989 முதலும் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பயந்து கடலையையே ஒதுக்க வேண்டியதில்லை. சிடோங் மக்கள் 1980-களில் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். அவர்கள் உடலில் இந்த நஞ்சின் அளவு வெகுவாகக் குறைந்தது. கல்லீரல் புற்றுநோய் மரணங்களும் பின்னர் குறைந்தன. உணவு மாறினால் விதியும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பூசணம் பிடித்த கடலையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, வறுத்துச் சட்னி அரைப்பதைச் சிக்கனம் என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாதாரண சமையல் சூட்டில் இந்த நஞ்சு முழுதாக அழிவதில்லை. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் குப்பையில் போடுங்கள். தேவைக்கேற்பக் கொஞ்சமாக வாங்கி, ஈரம் படாமல் மூடி வையுங்கள். கொட்டிய கடலையின் நட்டம் சில காசுதான். கெட்டுப்போன கல்லீரலுக்கு விலை ஏது?