விதைநெல்லைக் காப்போம்

(சீவலப்பேரியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாமிரபரணியும் சிற்றாறும் கயத்தாறும் கூடும் இம்முக்கூடல், முக்கூடற்பள்ளு என்னும் நூலால் தமிழுலகறிந்த தலமாகும். சித்திரக்காலி, மணல்வாரி முதலிய நெல்வகைகள் பலவற்றை அந்நூல் பெயர்சொல்லி உரைக்கின்றது. அவற்றுள் ஒன்றேனும் இன்று நம்மவர் வீட்டுக் குலுக்கையில் உண்டோ? இல்லை என்று கூற நாணுகின்றோம்.

இதனை வெறும் பழம்பெருமை கருதி உரைத்தோமல்லோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை மறந்தார் யார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. ஆற்றங்கரை வயல்களில் பிசானப் பயிர் நீருள் ஆழ்ந்தது. உலகின் வெப்பம் மிகுதலால் இத்தகைய பெருமழையும் கொடுவறட்சியும் மிகும் என விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர்.

அவர்கள் கண்ட பரிகாரம் யாது? நீரில் மூழ்கிய நெற்பயிர், தலைதூக்க வேண்டி விரைந்து நீண்டு, சேமித்த உணவெல்லாம் செலவிட்டு மடியும். ஒரிசா உழவர் வழிவழியாகப் பயிரிட்ட நெல்லொன்றோ, வளர்ச்சியை அடக்கிப் பொறுத்திருந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்த்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2006இல் கண்டறிந்தனர். அக்குணம் ஏற்றப்பெற்ற ஸ்வர்ணா நெல் 2009இல் உழவர்க்கு வழங்கப்பட்டது. இரண்டு வாரமளவும் அது மூழ்கிக் கிடந்து பிழைக்கும். தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 என்னும் நெல்லுக்கும் அக்குணம் ஏற்றப்பட்டுள்ளது.

அன்பர்களே! அவ்வொரிசா உழவர் தம் நெல்லைக் கைவிட்டிருப்பின், விஞ்ஞானி எதனை ஆராய்ந்திருப்பார்? பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இலட்சத்துக்கு மேற்பட்ட நெல்விதைகளைக் குளிரறையில் காத்து வருகின்றது. நம் நாட்டில் நெல் ஜெயராமன், 2018இல் மறையுமளவும் 170க்கு மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடித் திரட்டினார். தனி ஒருவரால் இயன்றது, ஒரு சங்கத்தால் இயலாதோ?

ஆகவே யாம் வேண்டுவது ஒன்றே. நிலமுடையார் ஒவ்வொருவரும் ஒரு பழநெல்லைத் தேடி, வயலின் ஒரு மூலையிலேனும் விதைத்து, நன்கு உலர்த்திச் சேமிக்க. ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிக்க; நாட்பட்ட விதை முளைப்புத்திறன் இழக்கும். கேட்டு வருவார் எக்குலத்தவராயினும் மறாது ஈக. வெள்ளம் குலம் பார்த்து வருவதில்லை. நெல்லும் குலம் பார்த்து விளைவதில்லை.

குலப்பெருமை பேசுவார்க்குக் குலுக்கையில் விதை இருத்தல் வேண்டும். அதுவே நம் மக்கட்கு நாம் வைக்கும் உண்மைச் செல்வம்.