பொலிஸ் எழுதியதே கடைசி முடிவு அல்ல

(தோட்டக் குடும்பங்களுக்கான சட்ட அறிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேசப் போவது சந்தோஷமான விஷயம் அல்ல. ஆனால் பேசியே ஆக வேண்டிய விஷயம். நம் வீட்டில் ஒருவர் திடீரென்று இறந்து போகிறார். பொலிஸார் வந்து ஒரு காரணத்தை எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காரணத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அப்போது என்ன செய்வது?

ஆற்றங்கரையில் ஒருவர் இறந்து கிடந்தால், "குடிச்சிட்டு விழுந்திருப்பான்" என்று சொல்லிவிடுகிறார்கள். கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை பிணமாக வந்தால், "தானே செஞ்சுக்கிட்டா" என்கிறார்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் தகப்பன் கையெழுத்து வைக்கிறார். பெட்டி கிடக்கிற வீட்டில் பேப்பரை யார் வாசிக்கிறது? எட்டு முடிந்த பிறகுதான் சந்தேகம் வருகிறது. "இனி என்ன செய்ய, எல்லாம் முடிஞ்சிருச்சே" என்று சொல்லி மனதை ஆற்றிக் கொள்கிறோம்.

முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இந்த வேலையைப் பொலிஸாரிடம் மட்டும் விடவில்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி பொலிஸ்காரர் அல்ல. பிரேத பரிசோதனை செய்கிறவர் அரசாங்க வைத்தியர். இவர்களுக்கு மேலே நீதவான் இருக்கிறார். பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் நீதவானே விசாரிக்க வேண்டும். புதைத்த உடலைத் தோண்டி எடுத்துத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லும் அதிகாரமும் நீதவானுக்கு உண்டு.

இது ஏட்டுச் சட்டம் மட்டும்தானா? நம் நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். வசீம் தாஜுதீன் என்ற றக்பி வீரர் 2012 மே 17 ஆம் திகதி கொழும்பு நாரஹேன்பிட்டியில், எரிந்த காருக்குள் இறந்து கிடந்தார். வாகன விபத்து என்று பொலிஸார் சொன்னார்கள். ஆட்சி மாறிய பின், 2015 ஆகஸ்ட் மாதத்தில், நீதிமன்ற உத்தரவின்படி அவருடைய உடல் தோண்டி எடுக்கப்பட்டது. வேறு சட்ட வைத்திய அதிகாரிகள் பரிசோதித்தார்கள். முதல் பரிசோதனையில் எடுத்து வைத்த உடற் பாகங்கள் சில காணாமல் போனதும் வெளியே வந்தது. 2016 பெப்ரவரியில் கொழும்பு மேலதிக நீதவான், இது விபத்து அல்ல, கொலை என்று அறிவித்தார்.

இரண்டு விஷயங்களை இதில் கவனியுங்கள். மூன்று வருஷம் கழித்தும் உண்மையின் ஒரு பகுதி வெளியே வந்தது. அதற்குக் காரணம் உடல் மண்ணுக்குள் இருந்தது. எரித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அதே நேரம், கொலை என்று அறிவிப்பது ஒன்று, குற்றவாளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பது வேறொன்று. இரண்டாவது பாதை மிக நீளமானது. பொய் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை.

"அவர் பெரிய விளையாட்டு வீரர், நமக்கு யார் இருக்காங்க?" என்று கேட்பீர்கள். 2021 ஜூலையில், கொழும்பில் வேலை செய்த இடத்தில் தீக்காயம் பட்டு இறந்த ஒரு மலையகச் சிறுமியின் உடலும் டயகமவில் தோண்டி எடுக்கப்பட்டது. மூன்று வைத்தியர்கள் கொண்ட குழு இரண்டாவது முறை பரிசோதித்தது. தோட்டத்து மண்ணிலும் இது நடந்திருக்கிறது.

ஆகவே, சந்தேகம் இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, உடலை எரிக்க வேண்டாம். புதையுங்கள். உடுத்தியிருந்த துணியைக் கழுவ வேண்டாம். போனை யாரிடமும் சும்மா கொடுக்க வேண்டாம். பொலிஸார் எடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

இரண்டு, திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் வாய் திறந்து சொல்லுங்கள்: "எங்களுக்குச் சந்தேகம் இருக்கு. சட்ட வைத்திய அதிகாரி பார்க்கணும்." அதை எழுதச் சொல்லுங்கள்.

மூன்று, விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை, அது சண்டித்தனம் அல்ல.

நான்கு, விசாரணை சரியில்லை என்றால் ஒரு சட்டத்தரணி மூலம் நீதவானிடம் கேளுங்கள். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. விசாரணையைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் கொடுக்கும்படி பொலிஸ்மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் எழுதலாம். பொலிஸாரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

ஐந்து, நாள் தவற விடாதீர்கள். பொலிஸார் உரிமையை மீறியிருந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 1996 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். பொலிஸ் காவலில் இறந்த ஒருவரின் மனைவி வழக்குப் போடலாம் என்று உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2003 இல் அந்த வழக்கில் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பும் வந்தது. இறந்தவன் வந்து முறையிட முடியாது. அவனுக்காக நாம்தான் போக வேண்டும்.

எந்தக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியும் பற்றுச்சீட்டும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். நாலு வருஷம் கழித்து யாராவது நேர்மையான அதிகாரி அந்த பைலைத் திறந்தால், அவருக்கு வழி காட்டப் போவது அந்தப் பேப்பர்தான்.

கடைசியாகத் தோட்டத் தலைவர்மாருக்கு ஒரு வார்த்தை. பொலிஸ் நிலையத்துக்கு அந்தத் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். சிங்களம் தெரிந்த ஒரு படித்த பிள்ளையைக் கூட அனுப்புங்கள். சாவு வீட்டுக்குத் தேயிலையும் சீனியும் கொண்டு போவது நம் வழக்கம். இனி ஒரு கொப்பியும் பேனையும் சேர்த்துக் கொண்டு போவோம். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வைப்போம்.