செவிலியின் கண்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘இல்லறமும் கலையும்’ என்னும் தலைப்பை விழாக்குழுவினர் எனக்கு அளித்தார்கள். தமிழ் பயிற்றுவிப்பவள் ஆதலால், கற்பியலில் தொடங்கி வாழ்க்கைத்துணை நலத்தில் முடிப்பாள் என்று எண்ணியிருக்கக் கூடும். அவ்வழி நீங்கள் அறிந்த வழி. இன்று உங்களைச் சப்பான் நாட்டுத் திரைப்படங்கள் இரண்டினிடம் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கணவனும் மனைவியும் பயணம் போகிறார்கள்; உண்கிறார்கள்; பெட்டி அடுக்குகிறார்கள்; சிறிது சிணுங்கிக்கொள்கிறார்கள். அப்படங்களில் நிகழ்வது ஏறத்தாழ அவ்வளவே. அவ்வளவில் ஒரு பெருங்கலைஞன் என்ன கண்டான், அதில் நமக்கு என்ன பாடம் என்பதே என் பேச்சு.

திரைப்படம் பிறந்த நாளிலேயே இப்பொருளும் பிறந்துவிட்டது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரின் கிராண்ட் கபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துக் குறும்படங்களுள் ஒன்றில், அண்ணன் அகஸ்தேயும் அவர் மனைவியும் தம் பெண் குழந்தைக்கு உணவூட்டுகிறார்கள். ஒரு நிமிடத்திற்கும் குறைந்த படம். பிடித்தவர் தம்பி லூயி. உணவு வேளையில் ஓர் இணையர். அருகே அவர்கள்பால் அன்புடைய மூன்றாமவர் ஒருவர். இந்த மூன்றாமவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு அவரைப் பற்றியதுதான்.

நான் கூற வந்த கலைஞர் யசுஜிரோ ஓசு. 1903 டிசம்பர் 12 இல் பிறந்து, சரியாக அறுபது ஆண்டு நிறைந்த 1963 டிசம்பர் 12 இல் மறைந்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். வாழ்நாள் முழுதும் மணம் செய்துகொள்ளாமல் தாயுடன் வாழ்ந்தவர். ஆயினும் இல்லறத்தின் உள்முகத்தை அவரளவு நுட்பமாகத் திரையில் எழுதியோர் அரியர். அவருடைய காமிரா பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்திற்கும் சற்றுத் தாழ்வாக வைக்கப்படும். அநேகமாக அசையாது. யாரையும் துரத்திச் செல்லாது. அழுகின்றவரின் முகத்தருகே பாய்ந்து நெருங்காது. வீட்டின் ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் 1952 இல் வந்த ‘ஒச்சாசுகே நோ அஜி’ என்னும் படம். பொருள்: ‘தேநீர்ச் சோற்றின் சுவை’. சோற்றின்மேல் சூடான தேநீரை ஊற்றி, ஊறுகாய் தொட்டு உண்ணும் எளிய உணவே ஒச்சாசுகே. நம் வீட்டு மோர்ச்சோற்றைப் போல, விருந்தினர்க்குப் படைக்கத் தயங்குவோம். நாமே உண்ணும்போது அமிழ்தம் என்போம்.

கணவன் நாட்டுப்புறத்திலிருந்து வந்தவன். மனைவி செல்வக் குடியிற் பிறந்தவள். அவன் மலிவான சிகரெட் புகைக்கிறான். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்ய விரும்புகிறான். ஓசையெழச் சோற்றில் சாற்றை ஊற்றிக் குழைத்து உண்கிறான். அவளுக்கு அருவருப்பு. பொய் சொல்லிவிட்டுத் தோழியருடன் வெந்நீரூற்று விடுதிக்குப் போகிறாள். அங்கே குளத்தில் மந்தமாக நீந்தும் ஒரு மீனைக் காட்டி, இதுவே என் கணவர் என்று எள்ளி நகைக்கிறாள். பின்னர் ஒரு நாள் அவன் உண்ணும் முறையைப் பொறாது, சொல்லாமல் இரயிலேறி வெளியூர் சென்றுவிடுகிறாள். அந்நேரம் பார்த்து அவனுக்கு உருகுவே நாட்டுக்குப் பணிப்பயண ஆணை வருகிறது. தந்தி கொடுத்தும் அவள் வந்து சேரவில்லை. அவன் விமானமேறிவிடுகிறான். அவள் வெறும் வீட்டுக்குத் திரும்புகிறாள்.

நள்ளிரவில் கதவு திறக்கிறது. இயந்திரக் கோளாறால் விமானம் திரும்பிவிட்டது! அவனுக்குப் பசி. பணிப்பெண் உறங்குகிறாள், எழுப்ப மனமில்லை. இருவரும் சமையற்கட்டுக்குள் நுழைகிறார்கள். எது எங்கே இருக்கிறதென்று வீட்டுத் தலைவிக்கே தெரியவில்லை. தட்டுத் தடுமாறிச் சோற்றைக் கண்டுபிடிக்கிறார்கள், ஊறுகாயை எடுக்கிறார்கள். அவளுடைய அகன்ற சட்டைக்கை நனையாதபடி அவன் பிடித்துக்கொள்கிறான். பிறகு எதிரெதிரே அமர்ந்து தேநீர்ச் சோறு உண்கிறார்கள். அவள் மன்னிப்புக் கேட்கிறாள். ஊறுகாய் மணம் அவள் கையில் ஒட்டியிருக்கிறது. இல்லறத்தின் சுவை இந்தச் சோற்றின் சுவைதான் என்பது அவன் கருத்து. வானளாவிய விமானப் பயணம் ஒன்று, சமையற்கட்டுக்குச் செல்லும் பத்தடிப் பயணத்தில் வந்து முடிகிறது.

இந்தச் சோற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. சீனப் போர்முனையிலிருந்து 1939 இல் திரும்பிய பின் ஓசு எழுதிய கதை இது. அன்றைய வடிவில் கணவன் செல்லவிருந்தது உருகுவேக்கு அன்று, போருக்கு. போருக்குப் புறப்படும் வீரனுக்குச் செம்பயறு இட்ட செந்நிற மங்கலச் சோறு படைப்பதே மரபு. அவன் தேநீர்ச் சோறு உண்பதாவது எங்ஙனம் என்று தணிக்கையாளர் தடுத்தனர். எழுத்து மேசைக்குள் உறங்கிப் போரெல்லாம் முடிந்த பிறகே படமாயிற்று. ஓர் அரசு, கணவனும் மனைவியும் உண்ட ஒரு கலம் எளிய சோற்றைக் கண்டு அஞ்சியிருக்கிறது! அன்றாடம் என்பது அவ்வளவு சிறியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இக்காட்சியைக் கண்ட அன்று என் நினைவு குறுந்தொகையின் 167 ஆம் பாடலுக்குச் சென்றது. கூடலூர் கிழார் பாடியது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தயிர் பிசைந்த விரல், அவ்விரலைத் துடைத்த ஆடை, தாளிப்புப் புகை படிந்த கண், இனிதென்று உண்ணும் கணவன், அவள் முகத்தில் அரும்பும் மிக மெல்லிய மகிழ்ச்சி. ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு நிலங்களில், இரு கலைஞர்கள் பெண்ணின் விரலில் ஒட்டிய உணவின் மணத்தில் இல்லறத்தைக் கண்டிருக்கிறார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விழைவது வேறொன்று. அப்பாடல் யார் கூற்று? தலைவி கூற்றன்று, தலைவன் கூற்றன்று. மணமக்கள் வாழும் மனைக்குச் சென்று மீண்ட செவிலித்தாய், நற்றாய்க்கு உரைத்தது. அம்மெல்லிய மகிழ்ச்சியைத் தலைவி தானே கூறியிருந்தால் அது பெருமை பேசுதலாக முடிந்திருக்கும். தலைவன் கூறியிருந்தால் பாராட்டுரையாகியிருக்கும். செவிலி கூறுவதால் அது உண்மையாகிறது. அவள் வளர்த்தவள், ஆகவே அன்புடையவள். அது அவள் வீடன்று. ஆகவே ஓரமாக நிற்கத் தெரிந்தவள். ஓசுவின் தாழ்ந்த, அசையாத காமிராவை நான் செவிலியின் கண் என்றே கருதுகிறேன். மணம் செய்துகொள்ளாத அக்கலைஞர் தமக்கு வகுத்துக்கொண்ட இடமும் அதுவே போலும்.

இரண்டாவது படம், 1953 இல் வந்த ‘டோக்கியோ மோனோகதாரி’, அதாவது ‘டோக்கியோக் கதை’. சைட் அண்ட் சவுண்ட் என்னும் பிரித்தானிய இதழ் 2012 இல் திரைப்பட இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரில் வாழும் முதிய இணையர், டோக்கியோவில் வாழும் மக்களைக் காணப் புறப்படுகிறார்கள். தொடக்கக் காட்சியில் இருவரும் அருகருகே அமர்ந்து மூட்டை கட்டுகிறார்கள். காற்றடைத்த தலையணை எங்கே? உன்னிடம் தந்தேன் என்கிறார் முதியவர். என்னிடம் இல்லை என்கிறாள் கிழவி. சற்றுப் பொறுத்து அவருடைய பையிலேயே அது கிடைக்கிறது. இந்தப் பூசலை நடத்தாத இல்லம் இவ்வூரில் உண்டோ? சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் அண்டைவீட்டுப் பெண், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று வாழ்த்திப் போகிறாள்.

அடுத்து நாம் இரயிலை எதிர்பார்க்கிறோம். ஓசு இரயில் பயணத்தைக் காட்டுவதே இல்லை! நேரே டோக்கியோவின் புகைபோக்கிகள் தோன்றுகின்றன. மருத்துவனான மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. பெற்றோரைச் செலவு குறைந்த அத்தாமி விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இரவெல்லாம் சூதாட்ட இரைச்சலும் பாட்டும், உறக்கமில்லை. மறுநாட் காலை கடலோர மதிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். எழும்போது அவளுக்குத் தலை சுற்றுகிறது. ஒரு கணம்தான். ஒன்றுமில்லை என்கிறாள்.

அவர்களை மனமார வரவேற்றவள், போரில் மறைந்த மகனின் மனைவி நோரிகோ ஒருத்தியே. ஒற்றை அறையில் வாழும் அவள், அண்டை வீட்டில் மது கடன் வாங்கி வந்து மாமனாருக்கு வார்க்கிறாள். இருவரும் உண்ண அருகிருந்து விசிறுகிறாள். அந்த அறையில் இறந்த மகனின் புகைப்படம் இருக்கிறது. காமகுராவில் ஒரு நண்பர் எடுத்தது. அதில் அவன் தலை சற்றே சாய்ந்திருக்கிறது. அது அவன் வழக்கமென்று தாய் இனங்காண்கிறாள். மகனின் புகழோ வீரமோ அவளுக்கு மிஞ்சவில்லை. ஒரு தலைச்சாய்வு மிஞ்சியிருக்கிறது. அதையும் காத்துக் கொடுத்தவர் ஒரு மூன்றாமவர்.

ஊர் திரும்பிய கிழவி இறந்துபோகிறாள். உயிர் பிரியும் கணத்தை ஓசு காட்டவில்லை. முதியவர் தனியே வெளியே சென்று நின்றுவிட்டு, விடியல் அழகாக இருந்தது, இன்று வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். கடைசிக் காட்சி: அதே அறை, அதே இடம், அதே சன்னலில் அதே அண்டைவீட்டுப் பெண். இருவர் இருந்த இடத்தில் ஒருவர் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் அவளிடம் இன்னும் கனிவாக இருந்திருப்பேன் என்கிறார். தனியே இருந்தால் பொழுது நீளமாகிவிடும் என்கிறார். வெளியே படகு ஒன்று போகிறது. தொடக்கத்தில் நாம் சிரித்துவிட்டு மறந்த அந்தத் தலையணைப் பூசல் எவ்வளவு பெரிய செல்வம் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது.

ஒரு சொந்தச் செய்தி கூற அவையின் இசைவை வேண்டுகிறேன். என் பெற்றோரின் மணிவிழாவை வீடியோவில் பதிவு செய்திருந்தோம். தந்தையார் மறைந்த பின் அந்த நாடாவைக் குறுந்தகடாக மாற்றி வந்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நேரம் ஓடும் படம். மாலையும் கலசமுமாக அப்பா காமிராவை நோக்கி விறைத்து நிற்கிறார். அம்மா சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்திக் காட்சியில், வேறு யாரையோ படம்பிடிக்கும்போது ஓரத்தில் தற்செயலாகச் சில நொடிகள்: அப்பாவின் இலையில் அம்மா மோர் ஊற்றுகிறார்; அப்பா பேசாமல் விரல் நான்கையும் விரித்துப் ‘போதும்’ என்கிறார். “இதை மறுபடி போடு” என்றார் அம்மா. அன்று ஏழெட்டு முறை போட்டோம். அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பா இருந்தது அந்தச் சில நொடிகளில்தான்.

இன்று இணையர்கள் தம் பயணங்களையும் உணவையும் கைபேசியில் தாமே பதிவு செய்கிறார்கள். அதைப் பழிக்க நான் வரவில்லை. மறதிக்கு அஞ்சுவது மனித இயல்பு. ஆனால் அவற்றில் இருவரும் காமிராவைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. பக்கத்திலிருக்கும் செவிலி இல்லை.

கவிஞர் பெருமக்களே! நம் வட்டத்தில் இப்பத்தாண்டுகளில் வாசிக்கப்பட்ட காதற் கவிதைகளை எண்ணிப் பார்க்கிறேன். முதற்காட்சிக்கு எழுதினோம், பிரிவுக்கு எழுதினோம், இறந்த பின் இரங்கற்பாவும் எழுதினோம். இடையில் நாற்பதாண்டுகள் மோர் ஊற்றியதற்கும், போதும் என்று கைகாட்டியதற்கும் எழுதியவர் எத்தனை பேர்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். என் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் கற்புக்காலக் கூற்றுகளை வகைப்படுத்தி அட்டவணை இட்டவள் நான். என் தந்தையின் நான்கு விரல்களை வீட்டில் உடனிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

வெற்றிடம் வந்த பிறகு எவரும் பார்த்துவிடுவர். அதற்கு முன்பே, இருவரும் இருக்கும்போதே, ஓரமாக நின்று பார்த்துச் சொல்வதே செவிலியின் தொழில். கவிஞனின் தொழிலும் அதுவென்று நான் நம்புகிறேன். இன்றிரவு விழா முடிந்து இல்லம் திரும்பும்போது உங்களில் பலருக்குத் தாமதமாகிவிடும். யாரேனும் உறங்காமல் காத்திருந்து எளிய சோறு எடுத்துவைப்பார்கள். அந்தக் கையைச் சற்றுப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு கவிதை கேட்க ஆவலோடிருக்கிறேன்.