சிராங்கூன் சாலையின் கதை



தோட்டப்புறத்திலிருந்து சிங்கப்பூருக்குச் செல்கிறவர்கள், ஒரு முறையேனும் சிராங்கூன் சாலைக்குப் போய்ச் சேலையோ குத்துவிளக்கோ வாங்கி வருவது வழக்கம். சுற்றுலாப் பயணிகள் அவ்விடத்தை 'லிட்டில் இந்தியா' என்பார்கள். நம்மவர்களுக்கு அது 'தேக்கா'தான். கடைவீதியாக நாம் காணும் அந்த வட்டாரம் யாருடைய உழைப்பால் உருவாயிற்று? இதனை இன்று சிந்திப்போம்.

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் துறைமுகம் அமைத்தார். அவ்வாண்டே பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. வீடு கட்டுவோருக்குச் செங்கல் தேவை என்பதைக் கண்ட அவர், தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை போட்டார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மன் கோயில் எழுந்ததும் அவர் முயற்சியால்தான். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுவே.

ஆங்கிலேயர் நகருக்கு வரைபடம் போட்டபோது இந்தியருக்கென ஒதுக்கிய இடம் ஆற்றோரத்துச் சூலியர் கம்பமே தவிர, சிராங்கூன் அன்று. சிராங்கூனுக்கு நம்மவர்களை அழைத்து வந்தது தொழில். அங்கே சூளைகள் எரிந்தன, சுண்ணாம்பு சுட்டார்கள். 'கம்போங் காப்போர்' என்ற பெயருக்கே சுண்ணாம்புக் கம்பம் என்பதுதான் பொருள். நீரும் புல்லும் நிறைந்த நிலமாதலால் மாட்டுத் தொழிலும் வளர்ந்தது. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைப் பட்டி என்று மலாய் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டிகள் மறைந்துவிட்டன, பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் நிற்கின்றன. 'தேக்கா' என்பதோ ஹொக்கியன் சீனச் சொல். சிறுமூங்கிலின் அடி என்பது அதன் பொருள். தமிழர் வாழும் இடத்திற்குச் சீனப் பெயர், மலாய்ப் பெயர் இரண்டும் அமைந்திருப்பது, பல இனத்தவரும் கலந்து பிழைத்த ஊர் அது என்பதைக் காட்டுகிறது அல்லவா?

இன்னொரு கூட்டத்தாரையும் மறந்துவிடக்கூடாது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார்கள். சாலை போட்டதும் சதுப்பைத் தூர்த்ததும் அவர்களே. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயமும் அவர்கள் கட்டியதுதான். அதன் உட்சுவர்ப் பூச்சு நம் ஊர்ச் சுண்ணாம்புச் சாந்து; சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்தார்கள். அவர்கள் எழுப்பிய சுவர் இருக்கிறது.

நேயர்களே, நீங்கள் வெட்டுகிற பால்மரத்தின் கதையும் சிங்கப்பூரோடு பிணைந்தது. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் அங்குள்ள தாவரத் தோட்டத்திற்கு வந்தன. மரத்தைச் சாகவிடாமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையை ரிட்லி என்பவர் அங்கேதான் ஆராய்ந்து கண்டார். அதன் பின்னரே மலாயாவில் தோட்டங்கள் பெருகின. நம் பாட்டன்மார் கப்பலேறினர்.

வயிற்றுக்கு வழி தேடி வந்தவர்கள் மொழியைக் கைவிட்டார்களா? இல்லை. 1887இலேயே மகுதூம் சாகிபு 'சிங்கை நேசன்' இதழை நடத்தினார். 1935இல் கோ. சாரங்கபாணியார் 'தமிழ் முரசு' தொடங்கினார். அது வார இதழாகப் பிறந்து நாளேடாகி இன்றும் வெளிவருகிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, முதலிடம் சமஸ்கிருதத்திற்கா, தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்கே என்று வாதாடிய சாரங்கபாணியார், 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு நிதி திரட்டினார். செல்வர்கள் மட்டுமல்ல, கூலி வாங்கிய தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் அத்துறை தமிழைக் கொண்டே தொடங்கிற்று. தம் பிள்ளை அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பானா என்று அறியாதவர்கள் கொடுத்த காசு அது!

இன்று தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆனால் தமிழ்வழிப் பள்ளிகள் அங்கு இல்லை. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் குறைந்து, உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. பிள்ளைகள் தமிழை ஒரு பாடமாகப் பயில்கிறார்கள். சட்டம் மொழிக்கு இடம் கொடுக்கும். அந்த இடத்தில் மொழியை உட்கார வைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போனால், தமிழகத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த இளைஞர்கள் கூடியிருப்பதைக் காணலாம். சூளைக்காரர்கள் நடந்த வீதியில் இப்போது அவர்கள் நடக்கிறார்கள். அடுத்த முறை அங்கே செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கடைகளைக் காட்டுங்கள், தெருப் பெயர்களையும் வாசித்துப் பொருள் சொல்லுங்கள். இந்நகரம் எழும்பியதில் நம்மவர் வியர்வையும் உண்டு என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.