துவர்ப்பின் குணமும் குற்றமும்

(சபையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறுசுவையுள் துவர்ப்பை விரும்பிக் கேட்டு உண்பார் அரியர். கைப்புக்கேனும் பாகற்காயில் மனம் வைத்தார் சிலர் உளர். வாழைக்காயின் கறையிலும், வாழைப்பூவிலும், கடுக்காயிலும், பாக்கிலும், தேயிலையிலும் நாவை இறுக்கிப் பிடிக்கும் இச்சுவைக்குக் காரணமான பொருள்களே இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களிற் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றின் இனத்துக்குப் பாலிபீனால் என்பது பெயர். இப்பெயர் இப்போது மாத்திரைப் புட்டிகளின்மேல் ஏறி நம் வீட்டு வாயில்வரை வந்துவிட்டமையின், அதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

மரஞ்செடிகள் ஓடித் தப்ப இயலாதன. புழு, பூஞ்சணம், கடுவெயில் இவற்றினின்று தம்மைக் காக்க அவை தாமே ஆக்கிக்கொள்ளும் பொருள்களுள் இவை ஒரு கூட்டம். 8,000க்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. எல்லாம் துவர்ப்பன அல்ல. அவற்றுட் பெரிய மூலக்கூறுகளே உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றித் திரளச் செய்கின்றன. வழவழப்பு நீங்கவே நா வறண்டு இறுகுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவோர் செய்வதும் இதே வேலைதான். புரதத்தைப் பற்றும் இக்குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டப்படும்.

நம் மாவட்டத்திலேயே இவ்வினத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மாறாமலை, கரும்பாறை, வேளிமலைப் பகுதிகளில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டு மலருமுன்னரே பறித்து வெயிலில் உலர்த்தி எடுக்கும் பொருள் அது. பாலிபீனால் மிகுந்த 100 உணவுப்பொருள்களை நிரல்படுத்தி 2010இல் வெளியான பட்டியலில் கிராம்பே முதலிடம் பெற்றது. 100 கிராமில் 15 கிராமுக்கு மேல் என்பது கணக்கு. மலையில் தோட்டம் உடைய அன்பர்கள் மகிழத்தக்க செய்தியே. ஆயினும் கிராம்பை 100 கிராம் உண்பார் யார்? ஒரு கிராம்பின் நிறை ஒரு கிராமிற் பத்தில் ஒரு பங்கு வருவதே அரிது. அதிற் கிடைப்பது 15 மில்லிகிராம். ஒரு கோப்பைக் கட்டன்சாயாவிலோ 100 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பட்டியலின் முதலிடம் வேறு, இலையில் விழும் அளவு வேறு. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் பல்வலியை மரக்கச் செய்வது உண்மை. பல் மருத்துவர்களும் அதனைக் கையாளுகின்றனர். அதே கிராம்பெண்ணெயைச் சில மில்லிலிட்டர் விழுங்கிய சிறு குழந்தைகளின் ஈரல் கெட்டதும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. எண்ணெய்ப் புட்டி குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

நிற்க. இவ்வாராய்ச்சியின் வரலாறு ஏமாற்றமும் ஆசையும் மாறிமாறி வந்த வரலாறு. 1936இல் ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் ஜார்ஜி இப்பொருள்களிற் சிலவற்றைப் புதிய வைட்டமின் எனக் கருதி, ஆங்கில நெடுங்கணக்கின் 16ஆவது எழுத்தால் அதற்குப் பெயரிட்டார். அஃது இல்லாமையால் வரும் நோய் ஒன்றும் நிலைநாட்டப்படவில்லை. 1950ஆம் ஆண்டளவில் அப்பெயர் கைவிடப்பட்டது. பின்னர் 1993இல் ஹாலந்து தேசத்து சுட்பென் நகரத்து முதியவர் 805 பேரை ஐந்தாண்டு கவனித்த ஆராய்ச்சி வெளியாயிற்று. தேயிலை, வெங்காயம், ஆப்பிள் வழியாக இவ்வினத்துப் பொருளை மிகுதியாக உண்டவர் இருதய நோயால் இறத்தல் குறைவாயிருந்தது. உடனே உலகம் விழித்துக்கொண்டது, வியாபாரிகளும் விழித்துக்கொண்டார்கள். உணவுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வலிமையைக் குழாயில் அளந்து எண்ணிட்டு அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட பட்டியல், விளம்பரக்காரர் கையிற் சிக்கித் தவறாகப் பயன்பட்டமையால், 2012இல் அவ்விலாகாவினாலேயே திரும்பப் பெறப்பட்டது. கண்ணாடிக் குழாய் வேறு, மனித உடம்பு வேறு அன்றோ? நாம் உண்ணும் பாலிபீனாலிற் சிறு பகுதியே உள்ளபடி இரத்தத்திற் சேரும். பெரும்பகுதி பெருங்குடல் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களால் வேறு பொருளாக மாறுகிறது. 2022இல் வெளியான பெரிய சோதனையில் 21,442 பேர் கலந்துகொண்டனர். கொக்கோவிலிருந்து எடுத்த 500 மில்லிகிராம் நாடோறும் கொடுத்துப் பார்த்ததில், இருதய நோய்ச் சம்பவங்களின் மொத்தத் தொகை ஐயமறக் குறைந்ததாகக் காணவில்லை. இருதய நோயால் இறந்தவர் தொகை மட்டும் குறைந்திருந்தது. நம்பிக்கைக்கு இடம் உண்டு. மாத்திரைக்கு ஓடுதற்கு இடமில்லை.

இனித் தாய்மார்கள் சிறிது செவிசாய்த்தல் வேண்டும். புரதத்தைப் பற்றுவதுபோலவே இத்துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தையும் பற்றிக்கொள்கின்றன. பற்றிய இரும்பு குடலில் ஏறாது கழிந்துவிடுகிறது. தமிழர் பலர் கூலிகளாகச் சென்று குடியேறிய தென்னாப்பிரிக்கத் தர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்த இந்தியப் பெண்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 1975இல் வெளியாயிற்று. சோற்றோடு தேநீர் பருகினால் இரும்பு ஏறுவது குறைகிறது என்பதை அது காட்டியது. 1999இல் வெளியான மற்றொன்றில் தேநீர் இதனைப் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் தடுத்தது. பால் சேர்த்தும் பெரும் பயன் இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். காரணங்கள் பல, சாயா ஒன்றே அன்று. ஆயினும் காலைப் பலகாரத்தோடு சாயா, உண்டு கை கழுவியவுடன் சாயா என்னும் வழக்கம் இக்குறைக்குத் துணைசெய்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிப் பருகினாற் போதும். செலவு ஒரு காசும் இல்லை. கீரையில் எலுமிச்சஞ்சாறு பிழிந்துகொள்ளுதலும் நன்று. மீனிலுள்ள இரும்பில் ஒரு பகுதியைத் தேயிலை அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதை மீனுண்ணும் வீட்டார் அறிந்து மகிழலாம்.

பாக்கின் செய்தி இதனினும் கடியது. பாலிபீனால் மிகுதி ஒன்றே நன்மைக்குச் சான்றாயின், பாக்கு அமுதமாதல் வேண்டும்! சுண்ணாம்போடு மெல்லுங்கால் அப்பொருள்கள் காற்றோடு கூடிச் சிவப்பதே வாய் சிவத்தல். அம்மாற்றத்தின்போது உயிரணுக்களைத் தாக்கும் ஆக்சிஜன் பொருள்கள் பிறக்கின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது எனப் புகழப்படும் இனமே சுண்ணாம்பின் சேர்க்கையால் எதிர்வேலை செய்கிறது. மேலும் தோல் பதனிடும் குணம் முன்னே சொன்னேன். கன்னத்தின் உட்டசையிலும் அது நிகழ்கிறது. அங்குள்ள நார்ப்புரதம் கரையாமல் இறுகிப்போக, பாக்கிலுள்ள அரிகோலின் அந்நாரை மேன்மேலும் வளர்க்கிறது. நாளடைவில் வாய் திறவாது போகும்; சிலர்க்குப் புற்றாக முடியும். புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. புகையிலை போடாதவர்க்கு அச்சமில்லை என்று நம்மிற் பலர் எண்ணியிருப்பதால் இதனை அழுத்திச் சொல்லுகிறேன்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். பச்சைத் தேயிலையை நீரிலிட்டுக் குடிப்பது வேறு; அதன் சாரத்தை வடித்து அடைத்து விழுங்குவது வேறு. அச்சாரத்திலுள்ள முதன்மையான பாலிபீனால் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டின் ஈரல் கேட்டின் அறிகுறிகள் தோன்றுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. வாழைப்பூத் துவரனும், சிவப்புத் தவிடு தீட்டி எடுக்காத அரிசிச் சோறும் உண்பார்க்கு அப்புட்டி எதற்கு? அரிசியின் அச்சிவப்பும் இவ்வினத்துப் பொருளே. தீட்டத் தீட்ட அது தவிட்டோடு போய்விடுகிறது.

நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். மங்கல காரியங்களில் இரு வெற்றிலையும் பாக்கும் வைத்துக் கொடுக்கும் முறையை எவரும் மாற்ற வேண்டுவதில்லை, அது மரியாதை. ஆனால் நம் கல்யாணப் பந்தலின் வாயிலில் தட்டு நிறையச் சீவலும், இனிப்பிட்ட வாசனைப் பாக்குப் பொட்டலமும் வைக்கப்படுகின்றன. பெரியோர் ஒன்றெடுக்கப் பள்ளிப் பிள்ளைகள் நான்கெடுத்துப் பையில் இட்டுச் செல்லுகின்றனர். வரும் தை மாதத்து முகூர்த்தங்கள் முதல் அத்தட்டில் ஏலமும் கற்கண்டும், நம் மலைக் கிராம்பும் மட்டும் வைப்பதென இக்கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டுகிறேன்.